எக்ஸெலில் மதிப்பெண் தொகுப்பு: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பத்தாம் வகுப்புக்குக் கணிதம் நடத்துகிறேன். ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் எந்த மதிப்பெண் வரம்பில் எத்தனை பேர் என்று பிரிவு வாரியாகத் தொகுத்துத் தர வேண்டும். பல ஆண்டுகளாக இதை எக்ஸெலில்தான் செய்துவருகிறேன்.

நீண்ட காலம் கைகொடுத்தது ஃப்ரீக்வென்சி ஃபார்முலா. மதிப்பெண் பட்டியலையும் பிரிவுகளின் மேல் எல்லைகளையும் கொடுத்தால் நொடியில் எண்ணித் தந்துவிடும். தேர்வுக்கு வராதவர்களுக்கு ‘ஏபி’ என்று எழுதியிருந்தாலும் அதைக் கணக்கில் எடுக்காது. ஆனால் நாம் கொடுக்கும் எல்லை எண்ணையும் அதே பிரிவில் சேர்த்துக்கொள்ளும். வகுப்பில் 30–40, 40–50 என்று கரும்பலகையில் எழுதினால் 40 அடுத்த பிரிவுக்குப் போகும். இங்கே முந்தைய பிரிவிலேயே தங்கிவிடும். இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது. தேர்ச்சி மதிப்பெண் 35. எல்லையாக 35 என்றே கொடுத்தால், சரியாக 35 எடுத்துத் தேறிய மாணவி தேறாதவர்களோடு எண்ணப்படுவாள். 34 என்றுதான் கொடுக்க வேண்டும்.

பட்டியலைச் சுருக்கி அட்டவணையாக்கித் தரும் பிவட் டேபிளின் ‘குரூப்’ வசதி பெரிய பட்டியலுக்கு மிக எளிது. தொடக்கம், முடிவு, இடைவெளி மூன்றையும் சொன்னால் போதும். ஆனால் பட்டியலில் ஓரிடத்தில் ‘ஏபி’ இருந்தாலும் தொகுக்க மறுத்துவிடும். ஒருவரும் இல்லாத பிரிவின் வரியையே காட்டாது. காட்டும்படி தனியாக அமைக்க வேண்டும். நடுவில் ஒரு பிரிவு காலியாக இருந்தால் வகுப்பு இரண்டாகப் பிளந்து நிற்கிறது என்று அர்த்தம். ஆசிரியர் முதலில் பார்க்க வேண்டிய வரியே அதுதான்.

இப்போது நான் முழுக்க நம்புவது, நாம் சொல்லும் நிபந்தனைகளுக்குப் பொருந்துபவற்றை எண்ணும் கவுண்ட்இஃப்ஸ் ஃபார்முலா. ‘35உம் அதற்கு மேலும், 40க்குக் கீழ்’ என்று இரு எல்லைகளையும் நாமே எழுதுவதால் சந்தேகத்துக்கு இடமில்லை. தட்டச்சு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

எத்தனை பிரிவுகள் வைப்பது? 1926இல் ஸ்டர்ஜஸ் என்பவர் தந்த விதிப்படி 40 பேருக்கு ஆறு அல்லது ஏழு. அந்தக் கணக்கில் போனால் பிரிவுகள் அகலமாகி, 31 எடுத்தவரும் 39 எடுத்தவரும் ஒரே பிரிவில் மறைந்துவிடக்கூடும். அதனால் 50 வரை ஐந்து ஐந்தாகவும் அதற்கு மேல் பத்துப் பத்தாகவும் பிரிக்கிறேன். 30–34 பிரிவில் இருப்பவர்களுக்குத்தான் மாலை வகுப்பு முதலில் தேவை. இந்த அட்டவணைக்கு பிரிவுக்கு ஒரு பட்டையாக வரையும் எக்ஸெலின் ஹிஸ்டோகிராம் படம் உதவாது, அது சம அகலத்தில்தான் பிரிக்கும். என் பிரிவுகளின் அகலம் வேறுவேறு என்பதால், நிகழ்வெண்ணை (பிரிவில் உள்ளவர்களின் எண்ணிக்கையை) அந்தப் பிரிவின் அகலத்தால் வகுத்து, படத்தை வரைபடத்தாளில் கையால்தான் வரைகிறேன்.