ஆவின் நீலமா, ஆரஞ்சா? கால்சியம் கணக்கில் ஒரு மதிப்பீடு

எலும்புக்கு நல்லது என்று நினைத்து ஆரஞ்சு பாக்கெட் வாங்கும் வீடுகள் நிறைய. கால்சியத்துக்காக மட்டும் என்றால் அந்தக் கூடுதல் காசு தேவையே இல்லை. பாலில் கால்சியம் இருப்பது கொழுப்பில் அல்ல, கொழுப்பு நீங்கலான மற்ற திடப்பொருளில். நீல பாக்கெட், அதாவது சமன்படுத்தப்பட்ட பாலில், கொழுப்பு 3 சதவீதம், மற்ற திடப்பொருள் 8.5. ஆரஞ்சு நிறைகொழுப்புப் பாலில் கொழுப்பு 6, மற்றது 9. கொழுப்பு இரு மடங்கு, கால்சியமோ கொஞ்சம்தான் கூடுதல். அரை லிட்டருக்கு எதில் வாங்கினாலும் ஏறக்குறைய 600 மில்லிகிராம் கிடைக்கும்.

ஆரஞ்சில் கோட்டை விடுவது அடுப்படியில். "கெட்டிப் பால், தண்ணி தாங்கும்" என்று அரை லிட்டருக்கு 200 மில்லி தண்ணீர் விட்டால், 150 மில்லி டம்ளருக்கு 135 மில்லிகிராம்தான் தேறும். தண்ணீர் சேர்க்காத நீலப் பால் அதே டம்ளருக்கு 180 தரும். நாக்குக்குத் தெரியும் கெட்டி வேறு, கால்சியம் வேறு.

பெரியவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் சொன்ன அளவு நாளுக்கு 1000 மில்லிகிராம். பாலூட்டும் தாய்மாருக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் 1200. சாப்பாட்டில் குறைந்தால் உடல் எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தைச் சரிக்கட்டும். வலி எதுவும் இல்லாமலே இது வருஷக்கணக்கில் நடக்கும். நாளுக்கு அரை லிட்டர் பாலை ஒருவரே குடித்தாலும் மீதிக்கு 40 கிராம் கேழ்வரகு மாவு (சுமார் 140 மில்லிகிராம் கால்சியம்), முருங்கைக்கீரை, எள் என்று சேர வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வேளையில் தள்ளாதீர்கள். ஒரு வேளைக்கு 500-ஐத் தாண்டினால் உடல் உறிஞ்சும் விகிதம் குறைகிறது.

இது ஏற்கெனவே பாஸ்டர் செய்த, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்கிய பால், நெடுநேரம் சுண்டக் காய்ச்ச வேண்டாம். கிளறிக்கொண்டே ஒரு கொதி போதும். கிளறாவிட்டால் புரதமும் தாதுவும் பாத்திரத்தின் அடியில் படிந்து பிடிக்கும்; அதோடு போவதும் கால்சியம்தான்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்களுக்குத் தயிர் சரிப்படும். தண்ணீர் கலக்காமல் உறை ஊற்றினால் பாலிலுள்ள கால்சியம் அப்படியே இருக்கும். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்ட மோரோ 200 மில்லிக்கு 60 மில்லிகிராம்தான். எலுமிச்சை பிழிந்து வீட்டில் பன்னீர் செய்தால் புளிப்பில் கால்சியத்தின் ஒரு பகுதி கரைந்து வடிநீரோடு போய்விடும். அந்த நீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசையுங்கள்.

ஆரஞ்சு வீண் என்று சொல்லவில்லை. பாயசத்துக்கும், கெட்டித் தயிருக்கும், எடை ஏறாத சிறு பிள்ளைக்கும் அதுவே சரி. மூட்டு, எலும்பு என்று கவலைப்படும் அறுபது வயதுக்காரருக்கு நீலம் போதும். அதைவிட, பாக்கெட்டில் 'பிளஸ் எஃப்' (+F) என்ற நீல முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வைட்டமின் டி சேர்த்த பால். அந்த வைட்டமின் குறைந்தால், குடித்த கால்சியத்தில் பெரும்பகுதி குடலில் ஏறாமல் வெளியே போய்விடும்.