பெட்டியில் 160 லிட்டர், டயரில் 12 லிட்டர்: பிக்கப் வண்டிக்கு ஏர் கம்ப்ரசர் வாங்குவோர் கவனத்துக்கு

மணலில் இறங்கும்போது டயர் காற்றை 15 பிஎஸ்ஐ வரை இறக்கிவிட்டு, தார் ரோட்டுக்கு ஏறியதும் மறுபடி 32-க்கு ஏற்றியாக வேண்டும். இறக்கிய காற்றோடு வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். அதனால் ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும் வண்டி) வைத்திருப்பவர்கள் வண்டியிலேயே ஒரு கம்ப்ரசர் வைத்துக்கொள்கிறார்கள். இந்தத் தேவையைக் குறிவைத்து இப்போது ஒரு சரக்கு சந்தையில் குவிந்து கிடக்கிறது: 'ஹெவி டியூட்டி', 'டபுள் சிலிண்டர்', '150 பிஎஸ்ஐ', 'நிமிடத்துக்கு 160 லிட்டர்', பெட்டி மேல் ஒரு பெரிய பிக்கப் வண்டியின் படம். டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வைத்திருக்கும் ஒருவர் கார் ஆக்சஸரீஸ் கடையில் வாங்கி ஏமாந்த அப்படிப்பட்ட ஒரு மெஷினைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறோம். கடையின் பெயரைப் போடவில்லை. அதே மெஷின் ஏழெட்டு ஸ்டிக்கரில் விற்கிறது, ஒரு கடையைச் சொல்லிப் பிரயோஜனமில்லை.

நடந்தது இதுதான். முதல் டயர் 15-இலிருந்து 32-க்கு ஏற 6 நிமிடம் ஆனது. இரண்டாவது டயர் 27-ஐத் தொடும்போது மெஷின் பக்கம் இருந்த ஹோஸ் முனை சூட்டில் இளகி, கவ்வு கழன்று தெறித்தது. ஹோஸைச் சொருகி மறுபடி சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடுகிறது, காற்று வரவில்லை. கடைக்குக் கொண்டுபோனதற்கு வந்த பதில்: "10 நிமிஷத்துக்கு மேல தொடர்ந்து அடிச்சிருக்கீங்க சார், வாரண்டி வராது." உள்ளே இருந்த துண்டுச் சீட்டில் அந்த 10 நிமிடக் கணக்கு பொடி எழுத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் 10 நிமிடத்தில் இரண்டு டயர்கூட நிரம்பாத மெஷினின் பெட்டி மேல் பிக்கப் படம் எதற்கு?

பெட்டியில் போட்ட எண் பொய் என்பதைப் பிரித்துப் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். 265/60, 18 இன்ச் டயருக்குள் இருக்கும் இடம் ஏறக்குறைய 60 லிட்டர். 32-இலிருந்து 15-ஐக் கழித்தால் 17. அதை வெளிக்காற்றின் அழுத்தமான 14.7 பிஎஸ்ஐயால் வகுத்தால் 1.16. அதை 60-ஆல் பெருக்கினால் சுமார் 70. அதாவது வெளிக்காற்று 70 லிட்டரை உள்ளே தள்ள வேண்டும். 6 நிமிடம் ஆனது என்றால் நிமிடத்துக்கு 12 லிட்டர்கூட முழுசாக வரவில்லை. எந்த மெஷினுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். மாருதி ஜிம்னியின் 195/80, 15 இன்ச் டயர் என்றால் 60-க்குப் பதில் 40 என்று போட்டுக்கொள்ளுங்கள்.

150 பிஎஸ்ஐ என்ற எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்கள்தான் அதிகம். அது அந்த மெஷின் தம் கட்டி எட்டக்கூடிய உச்ச அழுத்தம், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது 35 பிஎஸ்ஐக்குள். சைக்கிள் பம்பிலும் 100 பிஎஸ்ஐ வரும், அதை வைத்து யாரும் பிக்கப் டயரை நிரப்புவதில்லை. பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், அதுவும் எந்த அழுத்தத்தில் என்பது. மலிவு மெஷின்களில் போடுவது, எதிர்ப்பே இல்லாமல் திறந்த வாயில் வரும் அளவு. டயரில் மாட்டியதும் அது விழும். ஒழுங்கான கம்பெனி இரண்டையும் சொல்லும்: ஆஸ்திரேலியக் கம்பெனியான ஏஆர்பியின் ட்வின் மோட்டார் கம்ப்ரசருக்கு 0 பிஎஸ்ஐயில் 6.16 சிஎஃப்எம், 29 பிஎஸ்ஐயில் 4.68 சிஎஃப்எம் என்று போட்டிருக்கும். சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற அளவு, ஒரு சிஎஃப்எம் என்றால் நிமிடத்துக்கு 28.3 லிட்டர். நல்ல மெஷினிலேயே கால் பங்கு குறைகிறது என்றால் மற்றதில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கரண்ட். இங்கேதான் பொய் முழுசாக உடைகிறது. 30 பிஎஸ்ஐக்கு எதிராக நிமிடத்துக்கு 160 லிட்டர் தள்ள, உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 300 வாட் வேண்டும். நிஜ மெஷினில் அதில் இரண்டு மடங்குக்கு மேல் போகும், அதாவது 12 வோல்ட்டில் 60 ஆம்பியருக்கு மேல். அந்த மெஷினின் ஒயரில் இருந்த ஃப்யூஸ் 15 ஆம்பியர். 15 ஆம்பியரில் கிடைப்பது 180 வாட், எஞ்சின் ஓடும்போது 200. மனக்கணக்காக ஒன்று: 30 பிஎஸ்ஐயில் ஒரு ஆம்பியருக்கு 2 முதல் 2.5 லிட்டர் வந்தால் அது நல்ல மெஷின். அதற்கு மேல் யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை. இதனால்தான் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் எந்த மெஷினும் பிக்கப் டயருக்கு லாயக்கில்லை. சாக்கெட்டின் ஃப்யூஸே பெரும்பாலான வண்டிகளில் 10 முதல் 20 ஆம்பியர்தான். இன்னும் பெரிய ஃப்யூஸ் மாற்றிப் போட்டால் போச்சு என்று சில கடையில் சொல்வார்கள். செய்யாதீர்கள், டாஷ்போர்டுக்குள் ஓடும் ஒயர் அதைத் தாங்காது.

அந்த மெஷினில் பாட்டரி கிளிப் இருந்தது, அதனால் வாங்கியவருக்கு நம்பிக்கை வந்திருக்கிறது. கிளிப்புக்குப் போகும் ஒயர் வெளியே பார்த்தால் தடி, தோலை உரித்தால் உள்ளே பேனா ரீஃபில் கனம்தான், மீதி முழுக்க ரப்பர். ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டியதும் செம்பு நிறம் போய் வெள்ளை தெரிந்தது: செம்பு பூசிய அலுமினியம். அதே கனத்துச் செம்பை விட இதில் மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். சுமார் 1.3 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரிலேயே 3 மீட்டர் போய்த் திரும்ப 30 ஆம்பியர் ஓடினால் 2.4 வோல்ட் ஒயரிலேயே தொலையும். மோட்டார் தளர்ந்து, அதிக நேரம் ஓடி, அதிகம் சூடாகும். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால் அந்த இழப்பு 0.5 வோல்ட்தான்.

உள்ளே செத்தது பிஸ்டனின் டெஃப்லான் ரிங். எண்ணெய் விடாத பிஸ்டன் கம்ப்ரசர்களில் பெரும்பாலும் இந்த வகை ரிங்தான், அதில் தப்பில்லை. ஆனால் சிலிண்டர் தலையில் வெப்பத்தை வெளியேற்றும் பட்டைகள் பேருக்கு இருந்தன, சூடானால் தானே நிற்கும் தெர்மல் கட்-ஆஃப் இல்லவே இல்லை. அது இருந்திருந்தால் மெஷின் நின்று, ஆறி, மறுபடி ஓடியிருக்கும். வாங்கும்போது இதை எழுத்தில் கேளுங்கள். டியூட்டி சைக்கிள் என்று ஒரு எண் இருக்கும்: 100 பிஎஸ்ஐயில் 33 சதவீதம் என்றால் 10 நிமிடம் ஓடி 20 நிமிடம் ஆற வேண்டும். குறைந்த அழுத்தத்தில் கூடுதல் நேரம் ஓடும். ஆனால் அந்த அளவீடெல்லாம் குளிர்ந்த அறையில் எடுத்தது, மே மாத வெயிலில் பானெட் ஓரத்தில் வைத்து ஓட்டும்போது அவ்வளவு கிடைக்காது. டியூட்டி சைக்கிள் எண்ணே போடாத பெட்டியை அப்படியே திருப்பி வைத்துவிடலாம்.

கேஜ் விஷயம் இன்னும் ஆபத்து. 0 முதல் 150 வரை உள்ள முள் கேஜில் முழு அளவில் 2.5 சதவீதப் பிழை என்றால் கூட்டியும் குறைத்தும் 3.75 பிஎஸ்ஐ. இது நல்ல கேஜுக்கு. 15 என்று காட்டும்போது உள்ளே 11 இருந்தால், மணலில் வெட்டித் திருப்பும்போது டயர் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். மெஷின் ஓடும்போது அது காட்டுவது ஹோஸுக்குள் இருக்கும் அழுத்தம், டயருடையது அல்ல. நிறுத்திவிட்டுத்தான் படிக்க வேண்டும். 0–60 அளவுள்ள தனி கேஜ் ஒன்று வாங்கிவிடுங்கள், மெஷினில் ஒட்டியிருப்பதை மறந்துவிடுங்கள்.

சார்ஜ் போட்டு ஓட்டும் கையடக்க மெஷின்களையும் இதே கடைகள் 'ஆஃப்-ரோடு' என்று தள்ளிவிடுகின்றன. 6000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால், 3.7 வோல்ட்டில் பெருக்கினால் 22 வாட்-மணி. நாலு டயருக்கும் சேர்த்து 280 லிட்டர் தள்ள இந்தச் சைஸ் மெஷினுக்குச் சுமார் 30 வாட்-மணி வேண்டும். மூன்றாவது டயரில் படுத்துவிடும். டவுனுக்குள் 2, 3 பிஎஸ்ஐ ஏற்ற அது போதும், காட்டுக்கு அல்ல. லடாக் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 5,359 மீட்டர் உயரத்தில் இருக்கும் கார்துங் லாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியளவுதான், எந்தக் கம்ப்ரசருக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

அப்படியானால் எதை வாங்குவது? ஜிம்னிக்கு உண்மையாகவே 35 லிட்டர் தரும் ஒற்றை சிலிண்டர் போதும். ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ், மஹிந்திரா தார் என்றால் திறந்த வாயில் குறைந்தது 60 லிட்டர், 30 ஆம்பியர், பாட்டரி கிளிப், தெர்மல் கட்-ஆஃப், நாலு டயரையும் எட்டும் ஹோஸ். அதில் டயருக்கு இரண்டு நிமிடம் சொச்சம் ஆகும். 33 இன்ச் டயர் போட்டவர்கள், கூட வரும் வண்டிக்கும் அடித்துக் கொடுப்பவர்கள் ட்வின் பக்கம் போகலாம், விலை கையைக் கடிக்கும். ஹோஸ் முனை திருகி மாட்டும் வகையா, கவ்வும் வகையா என்றும் பாருங்கள். திருகும் வகையில் பித்தளை சுடச்சுட இருக்கும், கழற்றுவதற்குள் 1, 2 பிஎஸ்ஐ போய்விடும்.

பணம் கொடுக்கும் முன் கடை வாசலில் உங்கள் வண்டியிலேயே ஓட்டிப் பாருங்கள். ஒரு டயரை 15-க்கு இறக்கி, எஞ்சினை ஓடவிட்டு, சிவப்பு கிளிப்பைப் பாட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் மாட்டி, முதலில் சுவிட்சைப் போட்டு அப்புறம் ஹோஸை டயரில் மாட்டுங்கள். அழுத்தத்துக்கு எதிராக ஸ்டார்ட் ஆகும்போதுதான் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்து ஃப்யூஸைத் தின்னும். 32-க்கு ஏற எத்தனை நிமிடம் என்று போனில் பார்த்து மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். எலக்ட்ரீஷியன் யாராவது கூட இருந்தால் டிசி கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரும் தெரிந்துவிடும். சோதிக்க விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதே சோதனையை வீடியோவாக எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வழக்குக்கு அதுதான் ஆதாரம். இறக்குமதிச் சரக்கின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், எந்த நாட்டில் செய்தது என்பதும், எம்ஆர்பியும் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே தனிப் புகார். பில்லில் வெறுமனே 'ஏர் பம்ப்' என்று எழுதியிருந்தால் மாடல் பெயர் சேர்த்துத் திருத்தி வாங்குங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும்.