நான்கு வருஷ ஸ்பீக்கரும் இரண்டு மின்தடையும்

சிங்கப்பூரின் பொங்கோலில் இருக்கும் சித்தப்பா மகள் போன வாரம் வாட்ஸப்பில் கேட்டாள்: "அண்ணா, உங்க வீட்டுல இருக்கிற அதே புளூடூத் ஸ்பீக்கர் 139 வெள்ளியிலிருந்து 79க்கு இறங்கியிருக்கு. வாங்கட்டுமா?" வாங்காதே என்று உடனே பதில் போட்டேன். "பெரியப்பா அதைக் கையை விட்டுக் கீழே வைக்க மாட்டேங்கிறாரே, அப்புறம் ஏன் வேணாங்கிறீங்க?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்கான பதில் வாட்ஸப்பில் அடங்காது.

எத்தனை வாட், எத்தனை மணி நேரம் ஓடும் என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. சத்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2021 ஜூனில் வாங்கியது. யீஷூனில் எங்கள் நாலறை வீட்டுச் சமையலறையில், ஜன்னல் திண்டின் மேல் அதற்கு இடம். காலை ஐந்தரைக்கு அப்பா பக்திப் பாடல் போடுவார். ஏழு மணிக்கு மேல் அம்மா ஒலி 96.8 வானொலிக்கு மாற்றிவிடுவார். ஒரு பக்கம் குக்கர் விசில், இன்னொரு பக்கம் புகைபோக்கி விசிறி, கீழே பேருந்துச் சத்தம். இத்தனைக்கும் நடுவில் மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் தனியாகக் கேட்கும். அந்த 'தொம்' குடத்துக்குள் கேட்பது போல அடைக்காமல், தோல் அதிர்வது தெரியும்படி வரும். இந்த அளவு ஸ்பீக்கரில் நான் அதை வேறெங்கும் கேட்டதில்லை. தேக்காவில் கடை கடையாக நின்று இதைவிட விலை கூடியவற்றைப் போட்டுக் கேட்டிருக்கிறேன். திரும்பி வந்து இதைப் போட்டால் மனசு இதிலேயே நின்றுவிடும். ஒருமுறை அம்மாவின் கை பட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது. எடுத்து உதறி வைத்தோம், பாடிக்கொண்டே இருந்தது.

இவ்வளவு நல்ல பொருள்தான் 2024 ஜனவரியில் சார்ஜ் ஏறாமல் நின்றது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் வீட்டில் எல்லாருக்கும் புதுக் கைப்பேசி வந்திருந்தது. சார்ஜர்களையும் மாற்றினோம். புது சார்ஜர்களின் கேபிள் எல்லாம் இரண்டு முனையிலும் டைப் சி. ஸ்பீக்கரின் துளையும் டைப் சிதான். பழைய நீள்சதுரத் துளை சார்ஜர்களையும், ஸ்பீக்கரோடு வந்த ஒரு சாண் கேபிளையும் மற்ற பழைய கேபிள்களோடு சேர்த்துச் சமூக மன்றத்தின் மின்கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டேன். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி சிங்கப்பூரில் வருஷத்துக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. வீட்டில் பெட்டி பெட்டியாக வைத்திருப்பதைவிடச் சரியான இடத்தில் போடுவது நல்லது என்றுதான் அப்படிச் செய்தேன்.

ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்ததும் அப்பா புது சார்ஜரில் செருகினார். சிவப்பு விளக்கு எரியவில்லை. ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தும் காலையில் அப்படியே இருந்தது. வேறு கேபிள் போட்டுப் பார்த்தோம். பவர் பேங்கில் செருகிப் பார்த்தோம். சுவர் சுவிட்சை மாற்றினோம். ஒலி கூட்டும் பொத்தானையும் புளூடூத் பொத்தானையும் சேர்த்து அழுத்தி ரீசெட் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

துளைக்குள் கைப்பேசி வெளிச்சத்தைப் பாய்ச்சிப் பார்த்தபோது உள்ளே ஏதோ அடைத்திருந்தது தெரிந்தது. மரப் பல்குச்சியின் நுனியைச் சீவி மெல்லக் கிளறினேன். ஒரு துணுக்கு வந்தது. சாம்பல் நிறம், கம்பளி போல இறுக்கம், ஓரத்தில் மஞ்சள் கறை. சமையலறைத் தூசி, அரிசி மாவு, மஞ்சள் தூள் எல்லாம் நம் ஊர் ஈரக் காற்றில் சேர்ந்து கெட்டியாகியிருந்தது. ரப்பர் மூடியை அம்மா ஒரு நாளும் சரியாக அழுத்தி மூடியதில்லை. இதுதான் காரணம் என்று அத்தனை சந்தோஷம். திரும்பச் செருகினேன். விளக்கு எரியவில்லை. (உங்கள் ஸ்பீக்கரிலும் முதலில் இதைச் செய்து பாருங்கள், பல பேருக்கு இதோடு சரியாகிவிடும். ஊசி, ஹேர்பின் மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் தகடுகள் ஒன்றோடொன்று உரசிவிடும்.)

தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு வருஷ உத்தரவாதம் எப்போதோ முடிந்துவிட்டது, பேட்டரி தேய்வது இயல்பு, புதிய மாடலுக்குத் தள்ளுபடி உண்டு என்று பதில் வந்தது. எந்தக் கேபிளில் செருகினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்பீக்கர் மேசை இழுப்பறைக்குள் போனது. அப்பா கைப்பேசியைக் காதருகே வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

நான்கு மாதம் கழித்து ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப் போனேன். அவர் பழைய கேபிளில் செருகி இரண்டு நிமிஷம் பார்த்தார். விளக்கு வரவில்லை. பேட்டரி போய்விட்டது, மாற்ற 55 வெள்ளி, புதுசே வாங்கிவிடுங்கள் என்றார். அவர் பொய் சொல்லவில்லை, இரண்டு நிமிஷத்தில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அந்த ஜூன் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர் கோப்பித்தியாமுக்குப் போனேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 2014இல் தொடங்கிய முயற்சி. தொண்டூழியர்கள் உட்கார்ந்து, கெட்டுப்போன வீட்டுச் சாமான்களை நம்மை வைத்தே பழுதுபார்க்கச் சொல்லித் தருவார்கள். எனக்கு வாய்த்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு சீன அங்கிள். ஸ்பீக்கரைக் கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டில் எந்த வயரில் போட்டாய்?"

கட்டைவிரல் அளவு மீட்டர் ஒன்றை இடையில் செருகி, என் சி-சி கேபிளைப் போட்டார். வோல்ட் பூஜ்யம். சார்ஜரிலிருந்து மின்சாரமே வரவில்லை. பிறகு பழைய மாதிரி சார்ஜர், பழைய கேபிள். 5.1 வோல்ட் காட்டியது, ஆனால் கரண்ட் 0.1 ஆம்பியர்தான். விளக்கு இல்லை. நான் எடுக்கப் போனேன். "தொடாதே, பேசாமல் உட்கார்" என்றார். கோப்பி குடித்தோம். இருபது நிமிஷம் இருக்கும், மீட்டரில் எண் ஒரே தாவாக 0.9க்கு ஏறியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

எங்களை ஏமாற்றியது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுருக்கம். லித்தியம் பேட்டரி நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட். மாதக்கணக்கில் இழுப்பறையில் கிடந்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுமார் 3 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால், பாதுகாப்புக்காக முதலில் மிக மெல்லிய கரண்ட்தான் ஏற விடும். பேட்டரி கொஞ்சம் தெளிந்த பிறகுதான் முழு வேகம். அந்த நேரத்தில் எங்கள் ஸ்பீக்கரில் விளக்குகூட எரியாது. அதனால் நீண்ட நாள் கிடந்த ஸ்பீக்கரை ஐந்து நிமிஷத்தில் செத்துப்போனது என்று முடிவு கட்டாதீர்கள். பக்கத்திலேயே இருந்து அரை மணி, ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ ஸ்பீக்கர் சுட்டாலோ மட்டும் உடனே பிடுங்கிவிடுங்கள்.

முதல் கோளாறுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பழைய நீள்சதுர யூஎஸ்பி துளையில் 5 வோல்ட் எப்போதும் தயாராக நிற்கும். டைப் சி அப்படி இல்லை. ஒரு சி சார்ஜர், எதிர்ப்பக்கம் ஒரு கருவி இருக்கிறது என்று உறுதியாகும் வரை மின்சாரத்தை வெளியே விடாது. அந்த உறுதியைத் தருவது கருவிக்குள் இருக்கும் 5,100 ஓம் மின்தடை, அதாவது ரெசிஸ்டர் என்ற சின்னஞ்சிறு பாகம். சி முனையை எப்படித் திருப்பியும் செருகலாம் என்பதால், துளைக்குள் இதற்கென இருக்கும் இரண்டு தகடுகளுக்கும் தனித்தனியாக ஒரு மின்தடை வேண்டும். 2014இல் டைப் சி வந்ததிலிருந்து இருக்கும் விதி இது. ராஸ்பெரி பை 4 கணினி 2019இல் வந்தபோது இரண்டு தகடுகளுக்கும் சேர்த்து ஒரே மின்தடையை வைத்து, சில கேபிள்களில் மின்சாரம் ஏறாமல் போனது. அவர்கள் தவறை ஒப்புக்கொண்டு அடுத்த பதிப்பில் திருத்தினார்கள். தவறு யாருக்கும் நேரும்.

எங்கள் ஸ்பீக்கரில் நடந்ததைத் தவறு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அடியில் ரப்பர் காலைப் பிரித்து, நான்கு திருகைக் கழற்றி, அங்கிள் சர்க்யூட் பலகையை வெளியே எடுத்தார். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்துத் துளைக்குப் பக்கத்தில் பார்க்கச் சொன்னார். கடுகில் பாதிகூட இராத இரண்டு இடம். ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி ஈயப் பொட்டு, பக்கத்தில் வெள்ளை மையில் 'ஆர்' என்ற எழுத்தும் எண்ணும். மேலே ஒன்றும் இல்லை. வடிவமைத்தவர் அந்த மின்தடைகளுக்கு இடம் விட்டிருக்கிறார். செய்து அனுப்பியவர்கள் வைக்கவில்லை. பெட்டிக்குள் இருப்பது பழைய மாதிரிக் கேபிள்தானே, அதில் வேலை செய்தால் போதும் என்று விட்டிருக்கிறார்கள். கையேட்டில் 'உடன் வரும் கேபிளை மட்டும் பயன்படுத்தவும்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி. ஏன் என்று இல்லை.

ஒரு காசுகூடப் பெறாத சில்லுகள். அவை இல்லாததால் மாதக்கணக்கில் அப்பா கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றார். ஒரு நல்ல பொருள் குப்பைக்குப் போக இருந்தது. நான் போகாமல் இருந்திருந்தால் 139 வெள்ளிக்கு இன்னொன்று வாங்கி, அதுவும் இதே போல நின்றிருக்கும். இதே காரணத்தால் எத்தனை வீடுகளில் நல்ல ஸ்பீக்கர் தொட்டிக்குப் போயிருக்குமோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அடுத்த மாதம் போகும்போது சிம் லிம் டவரில் அந்த மின்தடையை வாங்கிப் போனேன். தனியாக இரண்டு தர மாட்டார்கள், ஒரு துண்டு நாடாவில் வரிசையாக வரும். அங்கிள் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பற்றவைத்தார். கை நடுங்கவே இல்லை. சி-சி கேபிளைச் செருகினோம். சிவப்பு விளக்கு எரிந்தது. முனையைத் திருப்பிச் செருகினோம், அப்போதும் எரிந்தது. இன்று வரை எந்தச் சார்ஜரில் போட்டாலும் ஏறுகிறது. பிரித்ததில் ஓரத்துப் பசை விட்டுப்போனதால் இனி தண்ணீர் தாங்காது என்று அங்கிள் சொல்லிவிட்டார். அதனால் ஜன்னல் திண்டிலிருந்து ஃபிரிட்ஜ் மேலே இடம் மாறியிருக்கிறது.

இப்போது என்னுடையது கடையில் விற்பதைவிட நல்ல ஸ்பீக்கர். சத்தம் துளிகூடக் குறையவில்லை, பேட்டரி இன்னும் இரண்டு நாள் காலைப் பாட்டுக்குத் தாங்குகிறது. அதே விலையில் இந்தச் சத்தம் தரும் வேறொன்றை என்னால் காட்டவும் முடியாது. ஆனாலும் வாங்காதே என்றுதான் சொல்வேன். விலை ஏன் 60 வெள்ளி இறங்கியது என்றும் யோசி. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் கையடக்க ஸ்பீக்கர்களுக்கு விதிப்படி வேலை செய்யும் டைப் சி கட்டாயம். 2027 பிப்ரவரி 18 முதல், வாங்கியவரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி கருவிகள் இருக்க வேண்டும் என்ற விதியும் அங்கே வருகிறது. பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

இவ்வளவு சொல்லியும் அந்த மிருதங்கச் சத்தம் வேண்டும் என்று நீ கிளம்பினால், உன் கைப்பேசியின் சி-சி கேபிளையும் சார்ஜரையும் பையில் போட்டுக்கொண்டு போ. காசு கொடுக்கும் முன் கடையிலேயே செருகச் சொல். ஒரு பக்கம் செருகிப் பார், திருப்பிச் செருகிப் பார். இரண்டு தடவையும் சிவப்பு விளக்கு எரிந்தால் வாங்கு. எரியாவிட்டால் வைத்துவிட்டு வா. மிச்ச மின்தடை நாடா என்னிடம் இருக்கிறதே என்று வாங்கிவிடாதே.