எஸ்எம்பிஎஸ் வயரை வெட்டி ஒட்ட யாரையும் விடாதீர்கள்

கருங்கல் பக்கம் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்டு, கோவில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ் எல்லாம் இரண்டே கணினிகளில்தான் ஓடுகிறது. இரண்டும் ஒரே மாடல், ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட பிராண்டட் டெஸ்க்டாப். ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இடி வெட்டியதில் ஒன்றின் எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரண்டைக் கணினிக்கு ஏற்ற வோல்டேஜாக மாற்றிக்கொடுக்கும் பவர் சப்ளை, போய்விட்டது.

நாகர்கோவிலில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். "ஒரிஜினல் கிடைக்காது அண்ணாச்சி. சாதா எஸ்எம்பிஎஸ் போட்டு, பழைய கனெக்டரை வெட்டி அதுல ஒட்டிருவோம். எல்லாம் ஒரே கரண்டுதானே" என்றான் பையன். கையில் அவசர வேலை இருந்தது, சரி என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் என் கண் முன்னாலேதான் ஸ்விட்ச் போட்டான். ஃபேன் ஒரு சுற்று சுற்றியது, முன்பக்க விளக்கு எரிந்தது. உடனே டப்பென்று ஒரு சத்தம், கருகின வாடை. போர்டு (மதர்போர்டு) போச்சு. "இடியிலயே போர்டு அடிவாங்கியிருக்கு" என்று சொல்லி எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் கூலிக்குமாக 1,500 ரூபாய் பில் போட்டார் கடைக்காரர். செத்த போர்டில் விளக்கு எப்படி எரிந்தது என்று கேட்டேன். பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து, நன்றாக ஓடுகிற இன்னொரு கணினியைத் திறந்துவைத்து, மல்டிமீட்டர் ஊசியைக் கனெக்டரின் முதுகில் செருகி ஒவ்வொரு பின்னாக அளந்தேன். அப்புறம் ஒட்டுப்போட்ட எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக வைத்து, பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்து ஓடவிட்டு அதையும் அளந்தேன். நல்ல கணினியில் 5 வோல்ட் காட்டின ஒரு பின்னில் இதில் 12 வோல்ட். பவர் குட் சிக்னல் (வோல்டேஜ் எல்லாம் சரி என்று எஸ்எம்பிஎஸ் போர்டுக்குச் சொல்லும் சிக்னல்) போகிற இடத்தில் 12 வோல்ட் மஞ்சள் வயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறான். சால்டர்கூட வைக்கவில்லை.

சாதா ஏடிஎக்ஸ் (பொதுவான கணினிகளுக்கான அளவு) எஸ்எம்பிஎஸ்ஸில் மெயின் கனெக்டருக்கு 24 பின். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, ஊதா 5 வோல்ட் ஸ்டாண்ட்பை (கணினி அணைந்திருக்கும்போதும் வரும் கரண்டு), சாம்பல் பவர் குட். பிராண்டட் பெட்டிகளில் இந்தக் கணக்கு செல்லாது. டெல் ஆப்டிபிளெக்ஸ் 7020, 9020-இல் மெயின் கனெக்டரே 8 பின்தான். எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் மட்டும் கொடுக்கும், 5-ஐயும் 3.3-ஐயும் போர்டே உண்டாக்கிக்கொள்ளும். எச்பியில் 6 பின், லெனோவோவில் 14 அல்லது 10 பின் வைத்த மாடல்கள் உண்டு. சில போர்டுகளுக்கு ஸ்டாண்ட்பையே 11, 12 வோல்ட் வேண்டும், ஊதா வயரின் 5 வோல்ட் அங்கே போதாது. 1990-களின் கடைசியில் வந்த டெல் கணினிகள் இன்னும் மோசம்: பார்க்க அதே 20 பின் ஏடிஎக்ஸ் கனெக்டர், செருகினால் கச்சிதமாக உட்காரும், உள்ளே வயர் வரிசை வேறு. இதெல்லாம் அந்தக் கடைக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரியாதென்றால் வெட்டியிருக்கக் கூடாது.

உங்கள் பெட்டிக்கும் இது வந்தால், பழைய எஸ்எம்பிஎஸ் லேபிளில் இருக்கும் பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு, அதே நம்பரில் பழையது கிடைக்குமா என்று தேடுங்கள். இல்லையென்றால் அந்த மாடலுக்கென்றே வரும் அடாப்டர் கேபிளை வாங்கி, போர்டில் செருகும் முன் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். என்னுடையதைத் திருப்பிக் கேட்டபோது ஆக்கருக்கு (பழைய சாமான் கடைக்கு) போட்டாச்சு என்றார்கள்.