உழவர் சந்தையா, கமிஷன் மண்டியா: ஒன்றரை ஏக்கர்க்காரன் கணக்கு

பத்து வருடம் மண்டிக்குக் காய் போட்டவன் நான். இப்போது நான்கு வருடமாக உழவர் சந்தை. நிலம் ஒன்றரை ஏக்கர். கத்தரி, வெண்டை, வாய்க்கால் ஓரம் கொஞ்சம் கீரை.

மண்டியின் சௌகரியம் தெரிந்ததுதான். மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டால் நம் வேலை முடிந்தது. சந்தையிலோ விடியுமுன் போய் இடம் பிடித்து, பதினோரு மணி வரை ஒரு ஆள் உட்கார வேண்டும். ஆனால் அங்கே கமிஷன் இல்லை, கடை வாடகை இல்லை, தராசும் தந்துவிடுவார்கள். மொத்த விலைக்கு மேலே, வெளிக்கடை விலைக்குக் கீழே என்று அன்றைய விலையைப் பலகையில் எழுதிவிடுவார்கள். மண்டியில் நூற்றுக்குப் பத்து கமிஷன், இறக்குக்கூலி, சாம்பிள் என்று அள்ளும் காய் எல்லாம் போய்ச் சீட்டில் மிஞ்சுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என்னை மாற்றியது விலைகூட இல்லை, கூலி. நான் போட்ட மண்டியில் வாரத்துக்கு ஒருமுறைதான் பணம். அதிலும் விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய முன்பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். காய் பறிக்க வரும் நான்கு பெண்களிடம் "சனிக்கிழமை தர்றேன்க்கா" என்பதே என் வழக்கம். ஒருநாள் ஒரு அக்கா கேட்டார்: "தம்பி, சனிக்கிழமை வரைக்கும் கடைக்காரன் அரிசி தருவானா?" சந்தையில் அன்றன்றைக்குப் பணம், அன்று சாயங்காலமே கூலி. கூலியை நான் கூட்டிவிட்டதாகச் சொன்னால் பொய். அவர்களுடைய காத்திருப்புதான் போனது.

சரி, உழவர் சந்தை அரசு நடத்துவது; ஆட்சி மாறினால்? சந்தைக்குப் போகத் தயங்குகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான பயம். கருணாநிதி 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் சந்தையைத் திறந்தார். 2001-ல் ஆட்சி மாறியதும் கவனிப்பு போனது, சில சந்தைகள் மூடியே கிடந்தன. 2006-ல் மறுபடி உயிர் வந்தது. 2021-ல் முதல் வேளாண் பட்ஜெட்டில் பழைய சந்தைகளைச் சீரமைக்கப் பணம் ஒதுக்கினார்கள். மண்டிக்கு இந்த ஏற்ற இறக்கமெல்லாம் கிடையாது. யார் ஆண்டாலும் ஏலம் நடக்கும். அந்த விஷயத்தில் மண்டிக்கே என் ஓட்டு.

ஆனால் நான் பார்த்தவரை, அரசு கண்டுகொள்ளாதபோது சந்தையில் முதலில் கெடுவது கூரையோ தண்ணீர்க் குழாயோ இல்லை, அடையாள அட்டைச் சோதனை. காய் விளைவிக்கிறவருக்கு மட்டும்தான் அட்டை. அதைக் கேட்க ஆள் இல்லாவிட்டால் மண்டியில் வாங்கிய காயோடு வியாபாரி உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார். அப்புறம் பலகை விலைக்கு மதிப்பில்லை. அதனால் புதிதாகப் போகிறவர்கள் எந்தக் கட்சி வரும் என்று பார்க்க வேண்டாம். ஒரு வாரம் போய், காலையில் அட்டையைக் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்காத இடமென்றால் மண்டியே மேல்.

மண்டியை நான் முழுதாக விடவில்லை. நான் கிளம்பியபோது மண்டிக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "போய்ட்டு வாங்க தம்பி, மழை பெஞ்சா இங்கதான வரணும்." உண்மைதான். அடைமழையில் சந்தைக்குக் கூட்டம் வராது. கத்தரி ஒரேயடியாகக் காய்த்துத் தள்ளும்போதும் அவரிடம்தான் போகிறேன். ஆனால் முன்பணம் வாங்குவதில்லை; அதை நிறுத்த எனக்கு இரண்டு போகம் ஆனது. ஏக்கர் கணக்கில் தக்காளியோ வெங்காயமோ போடுகிறவர்களுக்கு என் கணக்கு பொருந்துமா என்றால், எனக்கு அந்த அனுபவம் இல்லை. கீரை மட்டும் மண்டிப் பக்கமே போவதில்லை. ஏழு மணிக்குள் கட்டு தீர்ந்துவிடுகிறது.