பைவயரிங் கேபிள் விற்க வந்தால் கொஞ்சம் நில்லுங்கள்

உங்கள் ஸ்பீக்கரின் பின்பக்கம் ஒயர் மாட்டும் டெர்மினல் இரண்டுக்குப் பதில் நான்கு இருக்கிறதா? அப்படியானால் இது உங்களுக்கான பதிவு. அந்த நான்கைப் பார்த்ததும் கேபிள் விற்பவர்களுக்குக் கண் மின்னும். எனக்கு விற்றவருக்கு மின்னியது.

ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபையருக்கு) ஒரு பனானா பிளக், அதாவது ஒயர் முனையில் மாட்டும் பிளக், வாங்கத்தான் போனேன். பேச்சுவாக்கில் ஸ்பீக்கர் மாடலைக் கேட்டவர், "சார், பைவயரிங் பண்ணாம வெச்சிருக்கீங்களா? உங்க ஸ்பீக்கர் பாதி உயிரோடதான் பாடிட்டிருக்கு" என்றார். மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் இணைக்கும் சின்னப் பித்தளைப் பட்டைகளைக் கழற்றிவிட்டு, உச்ச ஒலி தரும் ட்வீட்டருக்குத் தனி ஒயர், தாழ்ந்த ஒலி (பாஸ்) தரும் வூஃபருக்குத் தனி ஒயர் என்று ஆம்பிலிருந்து இழுப்பதுதான் பைவயரிங். உடனே டெமோவும் காட்டினார். முதலில் ஒற்றை ஒயர், அப்புறம் இரட்டை ஒயர், ஒயர் மாற்றி முடித்ததும் அவர் கை தானாக வால்யூம் குமிழுக்குப் போனது. அதை அப்போதே பார்த்தேன், ஆனால் உறைக்கவில்லை. ஒரே பாட்டைத் துளி கூடுதல் சத்தத்தில் கேட்டால் "அதிகச் சத்தம்" என்று காதுக்குத் தோன்றாது, "தெளிவாக இருக்கிறது" என்றுதான் தோன்றும். இந்தத் தொழிலில் ரொம்பப் பழைய வித்தை இது.

ஸ்பீக்கர் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கேபிளுக்குக் கொடுத்தேன். பொருத்தித் தரவும் ஆள் வந்தார். வேலை முடிந்து பாட்டைப் போட்டால் பாஸ் மெலிந்திருந்தது, நடுவில் நின்று பாட வேண்டிய குரல் எங்கோ மிதந்தது. போன் செய்து சொன்னால், "அதுதான் சார் பாஸ் டைட்டாகியிருக்கு. கேபிள் பதமாக 200 மணி நேரம் ஓடணும், பொறுமையா கேளுங்க" என்று பதில். நானும் நம்பி, நல்லாத்தான் இருக்கிறது என்று மனசைப் பழக்கிக்கொண்டு, தினமும் இரண்டு மணி நேரம் கேட்டேன். அந்தக் கணக்குப்படி 200 மணி நேரம் முடிய மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். பொருளைத் திருப்பித் தரக் கெடுவோ 15 நாள். இந்த இரண்டு எண்ணையும் நான் சேர்த்துப் பார்த்தது ரொம்பப் பிந்தி.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்த தங்கை கேட்ட ஒரே கேள்வி, "ஏண்ணா பாட்டுக்குச் சளி பிடிச்சிருக்கு?" அவளுக்கு ஓமும் தெரியாது டெசிபலும் தெரியாது. சந்தேகம் வந்து, வூஃபர் ஒயர்களை ஆம்பிலிருந்து கழற்றி, டார்ச்சில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒயர் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். வலது வூஃபரின் கோன் (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு) முன்னால் துள்ளியது. இடதில் அதே மாதிரி தொட்டால் உள்ளே இழுத்துக்கொண்டது. பொருத்த வந்தவர் இடது பக்கம் கீழ் ஜோடியில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிச் சொருகிவிட்டுப் போயிருக்கிறார்! ஒரு வூஃபர் காற்றைத் தள்ள இன்னொன்று இழுக்க, தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டது. மூன்று வாரமாக நான் ரசித்த "டைட்டான பாஸ்" அதுதான்.

ஒயரைச் சரியாக மாற்றியதும் பாஸ் திரும்பியது. எவ்வளவு திரும்பியது? பழைய ஒற்றை ஒயரில் இருந்த அளவுக்கு. தங்கை எனக்குத் தெரியாமல் ஒயரை மாற்றி மாற்றிப் பொருத்த, எது இரட்டை ஒயர் என்று 12 தடவை சொல்லிப் பார்த்தேன், 5 சரி. பூவா தலையா போட்டிருந்தாலும் இவ்வளவு வந்திருக்கும்.

பித்தளைப் பட்டையைக் கழற்றினால் பாஸ் மின்னோட்டம் ஒரு ஒயரிலும் ட்ரெபிள் மின்னோட்டம் இன்னொன்றிலும் பிரிந்து போகும் என்பது நிஜம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் ஆம்ப் முனையில் இரண்டு ஒயரும் ஒரே திருகில்தான் மாட்டியிருக்கின்றன, ஒலியைப் பிரிக்கிற வேலையை ஸ்பீக்கருக்குள்ளே இருக்கும் கிராஸ்ஓவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. மிச்சமிருப்பது ஒயரின் மின்தடை மட்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 3 மீட்டர் ஓடினால், போக வர மொத்தம் சுமார் 0.04 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் அதனால் வரும் இழப்பு ஒரு டெசிபலில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இதை அறவே ஒழித்தாலும் யார் காதுக்குத் தெரியும்? ஸ்பீக்கர் செய்பவர்களே இதில் ஒன்றுபடவில்லை: வேண்டர்ஸ்டீன் பைவயரிங் அவசியம் என்கிறது, டைனாடியோ காலகாலமாக ஒரே ஜோடி டெர்மினலோடு விற்றுவந்திருக்கிறது. இரண்டு ஸ்பீக்கருமே நன்றாகத்தான் பாடுகின்றன.

வீட்டில் சும்மா கிடக்கும் ஒயரில் செய்து பார்ப்பதானால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் இதையே இரண்டு தனி ஆம்ப் வைத்துச் செய்யும்போது பட்டையைக் கழற்ற மறந்தால், இரண்டு ஆம்பின் அவுட்புட்டும் நேராக முட்டிக்கொள்ளும். ஆம்ப் போய்விடலாம், ஜாக்கிரதை.

கடைசியில் ஒரு எரிச்சலில் புதுக் கேபிளின் நுனியை வெட்டி, ஒரு இழையை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம்! உறையில் அச்சடித்திருந்ததோ ஆக்சிஜன் நீக்கிய சுத்தச் செம்பு என்று. (கையில் எடுத்தபோதே தடிமனுக்கு எடை குறைவாக இருந்தது.) இத்தனை குட்டையான தூரத்தில் அந்த அலுமினியமும் காதுக்கு வித்தியாசம் காட்டவில்லை என்பது வேடிக்கைதான், இருந்தாலும் நான் காசு கொடுத்தது செம்புக்கு. திருப்பிக் கொடுக்கப் போனேன். "கெடு முடிஞ்சிருச்சு, போதாததுக்கு நுனியை வேற வெட்டியிருக்கீங்க சார்" என்றார். வெட்டாமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன், அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

பழையபடி ஒற்றை ஒயருக்கே மாறலாம் என்று பார்த்தால் பித்தளைப் பட்டைகளைக் காணோம். பெட்டியில் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போன பொருத்துநர் எந்தப் பெட்டி என்று சொல்லவில்லை. பழைய ஒயரில் விரல் நீளத்துக்கு நான்கு துண்டு வெட்டி, நுனி சீவி, மேலுக்கும் கீழுக்கும் முறுக்கி வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் அதில்தான் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.