நேரலை வகுப்பா, எழுத்து விவாதமா, செயலியா?

பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பவர்களுக்கு இணையத்தில் மூன்று வழிகள் அதிகம் புழங்குகின்றன: ஜூம் மாதிரியான நேரலை வகுப்பு, மூடுல் போன்ற பாடத்தளத்தில் எழுத்துவழி விவாதம், டியோலிங்கோ வகையறா மொழிப்பயிற்சிச் செயலி. எதில் மாணவர்கள் ஈடுபாட்டோடு இருக்கிறார்கள் என்று கேட்டால், வருகைப்பதிவையும் லாகின் கணக்கையும் எடுத்து நீட்டுவார்கள். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. பள்ளி மாணவர்களைப் பற்றி ஃபிரெட்ரிக்ஸ், புளூமன்ஃபெல்ட், பாரிஸ் ஆகிய மூன்று கல்வி ஆய்வாளர்களும் 2004இல் எழுதிய கட்டுரை, ஈடுபாட்டை நடத்தை, உணர்வு, சிந்தனை என்று பிரித்தது. தளம் எண்ணிச் சொல்வது பெரும்பாலும் நடத்தையை மட்டும்தான்.

நேரலை வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். திரை முழுக்கக் கேமராவை அணைத்த கறுப்புக் கட்டங்கள். வழக்கமாகப் பேசும் அதே இரண்டு பேர்தான் மைக்கைத் திறக்கிறார்கள். மற்றவர்களுக்குப் பதில் தெரியாமல் இல்லை. வாக்கியத்தை மனதுக்குள் கோத்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. தப்பாகச் சொன்னால் வகுப்பே கேட்கும் என்ற கூச்சம் வேறு. அவர்களில் சிலர் சாட் பெட்டியில் மட்டும் தட்டச்சு செய்வதைக் கவனித்தாலே விஷயம் விளங்கும்.

அதேசமயம், 'சாரி, கேன் யூ ரிப்பீட்?' என்று கேட்டு, புரியாததைப் பேசிப் பேசியே புரிந்துகொள்ளும் பழக்கம் நேரலையில்தான் வரும். நான்கு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்துவிடலாம். ஆனால் 'டிஸ்கஸ்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் ஒன்று மௌனம், இல்லை தாய்மொழி அரட்டை. மூன்று யோசனைகளைக் கொடுத்து, 'இந்த மூன்றில் ஒன்றை நீக்குங்கள், காரணம் சொல்லுங்கள்' என்றால் பேச்சு வரும்.

எழுத்து விவாதத்தில் கூச்சக்காரர்களுக்கு நேரம் கிடைக்கிறது. மொழிக்கல்வி ஆய்வாளர் மார்க் வார்ஷவர் 1996இல் 16 மாணவர்களை வைத்து நேருக்கு நேர் பேச்சையும் கணினிவழி உரையாடலையும் ஒப்பிட்டார். கணினியில் பங்கேற்பு கூடுதல் சமமாகப் பரவியது. மொழியும் செறிவாக இருந்தது. அது உடனுக்குடன் தட்டச்சு செய்த உரையாடல். நாள்கணக்கில் அவகாசம் தரும் விவாதத்தில் யோசிக்க இன்னும் இடம் உண்டு.

இதைக் கெடுப்பது 'ஒரு பதிவு, இரண்டு மறுமொழி கட்டாயம்' என்கிற விதி. கெடு முடியும் இரவில் 'ஐ அக்ரீ வித் யூ, குட் பாயிண்ட்' என்று வரிசையாக வந்து விழும். 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தபிறகு இந்த நோய் முற்றிவிட்டது: பதிவு பிழையே இல்லாமல் இருக்கும், எழுதியவருக்கே அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது. சக மாணவர் எழுதிய ஒரு வரியை எடுத்து அதை மறுக்கச் சொல்லலாம். ஆசிரியரும் உள்ளே வந்து 'அப்படியானால் இது?' என்று ஒரு கேள்வி போட்டால் கொஞ்சம் உயிர் வரும்.

செயலி சொற்களை மனதில் நிறுத்த உதவும். தொடர்நாள் கணக்கு அறுந்துவிடக் கூடாது என்று தினமும் திறப்பதும் ஒரு பழக்கம்தான். ஆனால் அங்கே எதிரில் மறுத்துப் பேச ஓர் ஆள் இல்லை. கட்டுரை எழுதவேண்டிய மாணவருக்கு அது பக்கவாத்தியத்துக்கு மேல் போகாது.

என் தேர்வு: முதலில் எழுத்து விவாதம், அதில் கிளம்பிய சண்டையை வைத்தே சிறுகுழு நேரலை. எழுதிப் பார்த்தவர்கள் கையில் வாக்கியத்தோடு வருவார்கள். வேலை நேர்காணல் நெருங்கிவிட்ட இறுதியாண்டு மாணவர்களுக்கு மட்டும் நேரலைக்கு முதலிடம் கொடுப்பேன். அங்கே யோசிக்க அவகாசம் கேட்க முடியாது.